ஏழாம் வாயில், ட்ரோம்சோ

இங்கே சூரியனே ஏழு வாரம் தாமதம்.
அதை நிமிடம் பிசகாமல் சொல்லிவிடலாம்.

ஏழாம் வாயிலில் சின்னொவே
திரையில் ஏற்றுகிறாள்: இருபது நிமிடம்.

அந்த இருபது என்னுடையது.
அவளுக்கு அது தெரியாது.
ஓஸ்லோவில் உட்கார்ந்து
ஒன்பது ஆண்டுக் கணக்குகளைத் தின்னக் கொடுத்து
நான் வளர்த்த நிரல் சொன்னது.
காற்று தெரியும் அதற்கு, பனி தெரியும்,
டிசம்பர் வெள்ளிக்கிழமைகளின் குணம் தெரியும்.

வாட்சோ ஓடுபாதையில் ஒரு கலைமான்
நகர மனமில்லாமல் நிற்பது தெரியாது.
பெட்டியை ஏற்றிவிட்டு ஆள் வராமல் போனதும்
அதைத் தேடி விமானத்தின் வயிற்றுக்குள்
தவழ்ந்து போகும் ஐலோவைத் தெரியாது.
துணை விமானியின் பணிநேரம்
எட்டு நாற்பதோடு தீர்கிறது.
இறக்கையில் தெளித்த மருந்து
வீரியம் இழப்பதற்குள் பறந்தாக வேண்டும்,
பனியோ அதற்குள் மழையாகப் பார்க்கிறது.

ஒவ்வொன்றும் நான்கு நிமிடம்தான்.
நான்கும் நான்கும் எட்டு என்றே
நானும் நினைத்திருந்தேன்.
சில இரவுகளில் அது
நாளைக் காலை ஆகிவிடுகிறது.

"நாற்பது என்று போட்டால் என்ன?" என்றேன்.
சின்னொவே நிமிரவில்லை.
"எல்லோரும் வாஃபிள் தின்னப் போவார்கள்.
விமானம் இருபதில் வந்து நிற்கும்.
அப்புறம் அவர்களுக்காகக் காத்துக் கிடக்கும்.
நாற்பது சரியாகத்தான் இருந்தது என்று
ஓஸ்லோவில் யாராவது கைதட்டிக்கொள்வார்கள்."

வெளியே பனிவாரி வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகிறது,
போன தடத்திலேயே திரும்பி வருகிறது.

இருபதை அழித்து இருபத்தைந்து என்றாள்.
எதை வைத்து என்று கேட்கவில்லை.

நல்ல வாஃபிள் மணம்.
எழுந்தேன்.