கேளா வட்டம்

எலக்ட்ரானிக் சிட்டி, இரண்டாம் கட்டம்.
நான்காவது மாடியில் ஒரு கட்டைவிரல் இருந்தது.
ரப்பர். சாம்பல் நிறம். நகம் கிடையாது.
மோட்டார் சொல்கிற திசையில்
கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளும்:
மேல், வலம், கீழ், இடம்.
மேல், வலம், கீழ், இடம்.
இருபது லட்சம் முறை. பதினேழு நாள்.
இருபத்து மூன்று டிகிரிக் குளிரில்
அதற்குக் காவல் நான்.

விரல் களைக்கவில்லை. வேர்க்கவில்லை.
மிக்சர் தின்ற கையோடு வந்து தொடவில்லை.
கடைசி உயிர் போகிற நொடியில்
பல்லைக் கடித்துக்கொண்டு
குச்சியை முறிப்பதுபோல் வளைக்கவில்லை.
கோபத்துக்குச் சோதனை அட்டவணையில் வரி இல்லை.
'ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்,
தி. சுடர்க்கொடி, பக்கம் பதினொன்று.

அதற்கு முன்னால் ஒரு கூட்டம் நடந்தது,
சொல்ல மறந்துவிட்டேன்.
மறக்கவில்லை.
உள்ளே ஒரு கரித்தடம், அதன்மேல் சின்ன உலோக நாக்கு.
நாக்கு உரச உரசத் தடம் தேயும்.
காந்தம் வைத்தால் எதுவும் எதையும் தொடவேண்டாம் என்றேன்.
எவ்வளவு கூடும் என்றார் குல்கர்னி.
ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.
பதினெட்டைக் கோடியால் பெருக்கிப் பலகையில் எழுதினார்.
சுழியங்கள் பலகையின் ஓரத்தில் போய் முட்டின.
வாரன்டி ஒரு வருஷம்தானே என்றது யாரோ.
நானாகக்கூட இருக்கலாம்.

இப்போது மடிவாளாவில், எங்கள் வாடகை ஃப்ளாட்டில்,
ரெனிட்டாவின் திரையில்
ஒருத்தன் தானாக இடப்பக்கம் நடக்கிறான்.
கன்ட்ரோலர் மேசைமேல் கிடக்கிறது. யாரும் தொடவில்லை.
பாலத்தின் நடுவே அவனை நிறுத்திவிட்டுக்
குக்கரை இறக்கப் போனாள்;
விசில் அடங்குவதற்குள் ஆற்றில் இருந்தான்.
வாங்கிப் பதினாலு மாதம்.
"வலப்பக்கம் லேசா அழுத்திக்கிட்டே இருக்கணும்டி,
அப்பத்தான் சும்மா நிப்பான்" என்றாள்,
சில்க் போர்டு சிக்னலைப் பற்றிப் பேசுகிற குரலில்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு. மழை.
ஒயர்ச் சுருள்களுக்குமேல் நீலத் தார்ப்பாய்.
நிஸ்ஸாருக்கு வாணியம்பாடி;
கடை, ஒரு மாடிப்படியின் அடிவயிறு.
சுற்றிலும் செத்தவை கிடந்தன:
சூட்டில் ஈயம் விட்டுப்போய்ச் சிப் கழன்ற கறுப்புப் பெட்டி,
யாரோ கேபிளில் இடறியதில் வாய் பிளந்த ஒன்று,
நிமிர்த்தியே வைத்திருந்ததில்
திரவ உலோகம் ஒரு பக்கமாக வழிந்துபோன இன்னொன்று.
"எல்லாம் நல்லா ஓடும் மேடம்,
தூசி, சூடு, மனுஷன், இந்த மூணும் இல்லாத ஊர்ல."

நாலு திருகு. மூடி வந்தது.
பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து
என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
கண்ணுக்கு இட்டுக்கொள்ளலாம், அவ்வளவு மை.
எனக்குத் தெரிந்த கறுப்பு.
ரப்பர் விரலுக்குக் கீழேயும் இது இருந்தது,
இத்தனை இல்லை.

"மாத்த முந்நூத்தம்பது. போடறதும் இதே சரக்குதான்,
இன்னொரு வருஷம் வரும்.
செலவு வேணாம்னா செட்டிங்ஸ்ல போய்
நடுவுல இருக்கிற வட்டத்தைப் பெருசாக்குங்க.
அந்த வட்டத்துக்குள்ள குச்சி என்ன சொன்னாலும்
மிஷின் காதுல விழாது."

தெரியும்.
குறைகள் குவிந்த மாதங்களில்
அந்த வட்டத்தை அகட்டச் சொல்லி மெயில் எழுதியது எங்கள் குழு.
எட்டு சதம். அடுத்த அப்டேட்டில் பன்னிரண்டு.
பிறகு பதினைந்து.
புகார் குறைந்தது.
மெல்லத் திரும்பிப் பார்க்கிற அசைவும் அதோடு போயிற்று;
அதைக் கேட்டு யாரும் எழுதவில்லை.

முந்நூற்றைம்பதை நான் எடுத்துக் கொடுத்தேன்.
"நீ எதுக்குடி குடுக்கிறே?" என்றாள் ரெனிட்டா.
சொன்னேன்.
அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாயில் மழை இறங்கியது.
கையைக் காதருகே குவித்து, "என்ன?" என்றாள்.
இரண்டாம் முறை சொல்லவில்லை.