எண்பத்து மூன்று

மூன்றாவது முறை
விளக்கைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.
அது மங்கும் இடத்துக்கு, மங்கும் நேரத்துக்கு
நானே வருகிறேன்.

கடலூர் முதுநகர் ஏலக்கொட்டகை. அதிகாலை மூன்று.
உப்பனாற்றில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசுகின்றன.
ஐஸ் உடைக்கும் மிஷின் இருமி, நின்று, மறுபடி இருமுகிறது.
"வா தில்ஷாத்து" என்றாள் அஞ்சலாட்சி.
"ஒரு மணிக்கு நல்லாத்தான் எரியுது.
சரக்கு எறங்குற நேரம் பாத்துக் கண்ண மூடிக்குது.
இந்த வெளிச்சத்துல வஞ்சிரத்துச் செவுளு
முந்தாநாள் மீனாட்டம் தெரியுது.
கிலோவுக்கு நாப்பது அடிச்சுக் கேக்குறான்."

என் மேசையில் அது ஒருநாளும் மங்கியதில்லை.
பன்னிரண்டு எல்இடிகளும்
முந்நூற்றைம்பது சொச்சம் மில்லியாம்பியரில்
சமர்த்தாக எரியும்.
முதல் முறை டிரைவர் சிப்பை மாற்றினேன்.
அடுத்த முறை காயிலை, கூடவே டையோடை,
சந்தேகத்தின் பேரில் ஒரு கெபாசிட்டரை.
இரண்டு ரசீதிலும் எழுதினேன்: சரி செய்யப்பட்டது.

ஏணியில் நின்று மூடியைத் திறக்கிறேன்.
கரன்ட் இருநூற்றெட்டு.
சிப்பின் கால் பார்ப்பது இருநூறு மில்லிவோல்ட்.
அது பார்க்க வேண்டியதும் அதே இருநூறுதான்.
அதன் கணக்கில் ஒரு குறையும் இல்லை.
சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டே
கொட்டகையை இருட்டாக்குகிறது.

ஓமில் வைத்து அளந்து பயனில்லை.
மீட்டரின் இரண்டு வயர்களே கால் ஓம் தின்னும்,
நான் தேடுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
எரியவிட்டே அளக்கிறேன்,
கரன்டைப் பார்த்துச் சொல்லும் ரெசிஸ்டரின்
இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு.
நூற்றுப் பதினேழு.
கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி.
நூற்றுப் பதினேழு.

"என்னாம்மா, வாய்க்குள்ளயே கணக்குப் போடுற?"
ஏணியைப் பிடித்திருக்கிறாள்.
"எண்பத்து மூணு காணோம்."
"ரூவாயா?"
"ரூவால சொன்னா பைசாகூடத் தேறாது."
"அப்புறம் எதுக்குத் தேடுற?"

முனையை ஒரு நூல் தள்ளி வைக்கிறேன்,
ரெசிஸ்டரின் காலிலிருந்து
அந்தக் கால் நிற்கும் செம்புத் தடத்துக்கு.
எண்பத்து மூன்று.

ஈயத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம்,
உப்புக்காற்று பூசிய சாம்பல்.
இரண்டு மணி நேரம் எரிந்து சூடேறினால் விலகும்.
முதுநகர்க் கடைத்தெருவுக்கு வருவதற்குள்
ஆறி, ஒட்டி, ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும்.
நானோ பத்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்துவிட்டுப்
பொட்டலம் கட்டுகிறவள்.

மெயினை அணைக்கச் சொன்னேன்.
கொட்டகை மொத்தமும் "ஏய்" என்றது.
போனின் வெளிச்சத்தில்
பழைய ஈயத்தை உறிஞ்சி, காலைச் சுரண்டி,
புதிதாக ஒரு சொட்டு.

முந்நூற்றைம்பத்தாறு.

ரசீதுப் புத்தகத்தை எடுக்கவில்லை.
கவிழ்த்த மீன்தொட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்,
பல்லிபோல விளக்கையே பார்த்தபடி.
ஐந்து மணிக்கு மறுபடி ஏறினேன்.
முந்நூற்றைம்பத்தாறு.

கீழே வஞ்சிரத்தின் செவுளைப் பிரித்துக் காட்டி
விலையை நாற்பது ஏற்றிக்கொண்டிருந்தாள் அஞ்சலாட்சி.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.
பிறகு யாரும் கவனிக்காதபோது
ஒரு கூடையை மட்டும் காலால் மெல்லத் தள்ளினாள்,
தூணின் நிழலுக்கு.