மூட்டைக்கு இவ்வளவு

ஐந்தேகாலுக்கு நீர் வற்றும் என்றான் கில்பர்ட்,
கைபேசியைப் பார்த்து.
நாலரைக்கே வற்றிவிட்டது.
எங்கள் முழங்காலைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

பதினோரு பேர். கொத்துக்கரண்டி, கோணி,
ஆளுக்கொரு ஜோடி ரப்பர் கையுறை
(எனக்கு இரண்டும் வலது கைக்கே வந்திருந்தது).
எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ரயில் பாலம் வரை
சுரண்டி எடுக்க வேண்டும்.
மூட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு.

காக்கா ஆழி.
பேர் வைத்தது நாங்கள்தான்.
கறுப்பு, கூட்டம், விரட்டினால் போகாது.
காக்காய் கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.
கப்பல் வயிற்றில் நிரப்பிய தண்ணீரோடு
எந்தக் கடலிலிருந்தோ வந்து இறங்கியதாம்.
துறைமுக வாசலில் எங்களை நிறுத்துகிறவர்கள்
அதை நிறுத்தவில்லை.

முன்பு பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
நெஞ்சளவு நீரில் குந்தியபடி நகர்வேன்.
இரண்டு உள்ளங்கையாலும் சேற்றைத் தடவினால்
துடிப்பே சொல்லும்:
இது வெள்ளை இறால், இது நண்டு,
இது இன்னும் வளரட்டும்.
இப்போது தடவினால் கம்பளம்.
பிளேடால் நெய்த கம்பளம்.
இறால் எதில் புதையும்?
மஞ்சள் மட்டி எதற்குள் மூச்சு விடும்?

போன ஆடியில் தேசம்மாவுக்கு
மூன்று விரலில் பதினாலு தையல்.
ஸ்டான்லியில் நர்ஸ் கேட்டாளாம்,
வீட்டுக்காரர் வேலையா என்று.
இல்ல, ஆத்து வேலை என்றாளாம்.

கொத்தினால் பாய்போல உரிந்து வருகிறது,
நூல் நூலாக ஒன்றையொன்று பிடித்தபடி.
இப்படி நம்ம சங்கம் இருந்திருந்தா,
என்று தேசம்மா ஆரம்பித்தாள்.
கில்பர்ட் திரும்பினான்.
அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

உரித்த இடத்தில் சாம்பல்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல், பவுடர் மாதிரி வழவழப்பு.
இதுக்கு மூட்டைக்கு எவ்வளவு என்றேன்.
"அது வேற டிபார்ட்மென்ட்."
வெந்நீர் வேறு டிபார்ட்மென்ட்.
எண்ணெய் வேறு.
எங்கள் பங்குக்கு
உயிர் உள்ளது மட்டும்.

ஆராய்ச்சிக்கு வந்த இர்ஃபானா
ஒரு சதுரச் சட்டத்தைப் போட்டு எண்ணினாள்.
அவள் சேற்றில் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது,
துணி போனால் போகட்டும் என்று.
சட்டத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு.
இதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது அக்கா,
தண்ணியோடயே மிதக்கும் என்றாள்.
அப்போ நாங்க சுரண்டுறது?
கொஞ்ச நேரம் பென்சிலைப் பார்த்தாள்.
"சுரண்டிக்கிட்டே இருக்கணும்."
வருஷம் முழுக்கக் கூலியா, சாமி புண்ணியம்,
என்று சிரித்தாள் சின்னப்பாப்பு.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை
கரையில் அடுக்கியாயிற்று. லாரி வரவில்லை.
மீஞ்சூரில் நிற்கிறது என்றார்கள், பிறகு
மணலியில் என்றார்கள்.
அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது.
அடி வரிசைக் கோணியைத் தண்ணீர் தொட்டதும்
உள்ளேயிருந்து சத்தம்,
நகம் சொடுக்குவது போல.
திறக்கின்றன.
வெறும் வாயை அல்ல, வீட்டையே திறந்து குடிக்கின்றன.

தூக்கினோம். மேட்டுக்கு, ஒவ்வொன்றாக.
இதற்குக் கணக்கு கிடையாது என்று தெரிந்தே தூக்கினோம்.
ஒரு மூட்டை கிழிந்து என் தோளில் கொட்டியது.
கறுப்பு ஓடுகளுக்கு நடுவே
விரல் நீளம், கண்ணாடி நிறம்:
மீசை ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்
குழம்புக்கு ஒன்று என்றிருப்பார்கள், நானே
சொல்லியிருப்பேன்.
காலையில் சுரண்டிய இடத்தில் இறங்கி விட்டேன்.
பின்பக்கமாகவே போய்
சாம்பலோ சேறோ, எதுவோ ஒன்றில்
புதைந்துகொண்டது.
கையுறையைக் கழற்றித் தடவினேன்.
ஒரு பாய் அகலம்தான்.

நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க என்றான் கில்பர்ட்,
கைபேசியைப் பார்த்து.
ஐந்து இருபது என்றேன்.