வேர்முடிச்சு

குளுகோரில் இந்த வீட்டுக்கு வந்தபோது
வாசலில் இருந்ததை மண் என்று சொல்ல முடியாது.
சிமெண்ட் உடைசல், ஓட்டுத் துண்டு,
நசுங்கிய மைலோ டின் ஒன்று,
மீதிக்குக் களி.
வெண்டை மஞ்சளாகவே முளைத்து மஞ்சளாகவே செத்தது.
மிளகாய் நான்கு இலையோடு
யோசித்துக்கொண்டு நின்றுவிட்டது.

பாலிக் புலாவ் நாற்றுப்பண்ணை ஹஷிம்
ஒரு கறுப்புப் பையை என் காடியில் ஏற்றினார்.
"துரி. இந்தப் பக்கத்துச் செடி.
உரம் கேட்காது,
மண்ணுக்கு அதுவே போடும். எட்டு வெள்ளி."
எனக்கு அது அகத்தி.
நம் ஆள், கப்பலில் வந்தவள் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நட்ட அன்று நாத்தனார் குணவதி வந்திருந்தாள்.
செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அகத்தி ஆயிரம் காய்த்தாலும்..."
மீதியைத் தேத்தண்ணீரோடு விழுங்கினாள்.
மீதி எல்லாருக்கும் தெரியும்.
எனக்கு இது இரண்டாவது, அவள் தம்பிக்கு முதல்.
பதிவு அலுவலகத்தில் கையெழுத்து மட்டும்,
முடிச்சு ஏதும் போடவில்லை.

ஏழு மாதத்தில் தகரக் கூரையைத் தாண்டியது.
பக்கத்து வீட்டு மிஸஸ் கூ
சாக்கடையில் விழுந்த இலைகளை எண்ணி வந்து சொன்னார்.
எதிர்வீட்டு ஸஹாரா பூவைக் கேட்டு வாங்கி
வேகவைத்துக் கச்சான் குழம்பு ஊற்றி
பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒரு ராத்திரி அடித்த காற்றில்
சாய்ந்தது.
ஒரு பக்க வேர் வெளியே.
வேரெல்லாம் கொப்புளம், மிளகளவு, கொத்துக் கொத்தாய்.
போச்சு, நோய் என்று ஹஷிமுக்குப் படம் அனுப்பினேன்.
"நகத்தால் கிள்ளிப் பாருங்க."
கிள்ளினேன்.
உள்ளே சிவப்பு,
குழந்தையின் ஈறு மாதிரி.
"சிவப்புன்னா வேலை நடக்குது."

மண்ணில் அலைந்த ஏதோ ஒரு கிருமி.
வேர்மயிர் வளைந்து கொடுத்து
அதற்கு அறை கட்டித் தந்திருக்கிறது.
இது சர்க்கரை அனுப்ப
அது காற்றைச் சமைத்துத் தருகிறது.
அகத்தியின் அகத்தில் குடியிருப்பது
புறத்திதான்.
பழமொழி சொன்னவர்
காயை எண்ணியதோடு எழுந்து போயிருக்கிறார்.

பழைய கட்டில் குழாயை முட்டுக் கொடுத்தோம்.
பாதிக் கிளையை வெட்டி அதன் காலடியிலேயே போட்டோம்.
இலைகள் இரண்டு வாரத்தில் காணாமல் போயின,
கிளைக்குச்சிகள் மட்டும் கிடந்தன.
மிளகாய் ஐந்தாவது இலை விட்டது.

மார்ச்சில் குணவதி போன் செய்தாள்.
வாய்ப்புண், பத்து நாளாய்,
மருந்துக்கு அடங்கவில்லை.
"அகத்திக்கீரை இருக்கா?"
"இருக்கு. வந்து பறிச்சுக்குங்க."

வந்தாள்.
கொழுந்து உயரத்தில் இருந்தது.
தலையெல்லாம் குட்டி இலை, தோளில் ஒரு வெள்ளைப் பூ.
வெண்டையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வாய்ப்புண்ணோடு ஆள் அதிகம் பேசவில்லை.

ஏணியை நான்தான் பிடித்திருந்தேன்.