கல்லுக்குத் தனிக் கூலி

சுங்கை சிப்புட்டில் இரண்டு நாள் பட்டறை.
கூட்டுறவு மண்டபத்தில்
நேற்றைய கல்யாணத்தின் தங்க ரிப்பன் ஒன்று
இன்னும் மின்விசிறியோடு சுற்றுகிறது.
மணமக்கள் அமர்ந்த இடத்தில் திரை.
திரையில் எங்கள் மாவட்டம்:
செம்பனை முழுவதையும் லேசர் உரித்துவிட,
மழையில் நனைந்த நாய் மாதிரி
எலும்பு தெரிய நிற்கிறது.

முப்பத்தொரு நிலவியலாளர்கள்.
சுவரோரம் சேறு அப்பிய பூட்ஸ்.
ஒரே சாக்கெட்டில் தொங்கும் ஏழு டேப்லெட்.
பசியாற, பொட்டலம் பொட்டலமாய் நாசி லெமாக்.

விரலால் கோடு இழுப்பது எனக்குப் பழகிவிட்டது.
பழகாதது அதன் பிடிவாதம்:
தொடங்கிய புள்ளிக்கே கொண்டுவந்து
மூடினால்தான் நிறம் தரும்.
தெரியாத இடத்தில் கையைத் தூக்கினால்
'பிழை' என்கிறது.

வடக்குத் தாள் ஹஸ்லிண்டா குழு வரைந்தது.
தெற்குத் தாள் என்னுடையது.
இரண்டையும் ஒட்டவைத்தார் லிம் செங் வாய்.
ஒட்டவில்லை.
அவளுடைய கிரானைட் சிவப்பு
வந்த வேகத்தில் என் தாளின் விளிம்பில் முட்டி
அப்படியே நின்றுவிடுகிறது.
இந்தப் பக்கம் முழுக்க என் சுண்ணாம்புக்கல் நீலம்.
தாள் முடிகிற இடத்தில் பாறையும் முடியுமா என்ன?

பெரிதாக்கினார்.
மேலும் பெரிதாக்கினார்.
ரயில் பாதை, பெட்ரோல் நிலையம், சாக்கடை,
ஒரு தகரக் கூரை.
அதன் மேல் துடிக்கும் நீலப் புள்ளி.
நாங்கள்.

வெளியே ஓடினோம், சுத்தியலோடு.
தார், சிமெண்டு, வேலி வரை செம்பனை.
தட்டிப் பார்க்கக் கிடைத்த ஒரே கல்
கதவு சாத்தாமலிருக்க வாசலில் வைத்தது.
ஹஸ்லிண்டா புரட்டிப் பார்த்தாள்:
பசால்ட்.
குவாந்தானிலிருந்து யாரோ காடியில் போட்டு வந்தது.

நாலரைக்குப் பொருளாளர் தவமலர் வந்தார்,
ஏர்கான் காசுக்கு, கோப்பும் கையுமாக.
திரையைப் பார்த்தார்.
"நம்ம மண்டபத்துக்கு அடியிலயா?
அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."
எடுத்தது அவர்தான்.

எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு குழாய்க்கிணறு.
ஒரே மிஷின், ஒரே நாள், ஒரே கோக் மெங்.
முன்வாசலில் நாற்பது அடியும் மஞ்சள் மணல்.
சமையல்கட்டுக்குப் பின்னால்
பதினாலு அடியிலேயே கூலி இரண்டு மடங்கு.
"இந்தா பாருங்க, 'பத்து'ன்னு எழுதிட்டு
எண்ணூறு வெள்ளி.
எண்ணிப் பாத்தா இருபது எட்டு.
இருபது எட்டுக்குள்ள கல்லு எப்படி முளைக்கும்?"

நான் கேட்டேன்:
"அக்கா, அந்தக் குழியிலேர்ந்து என்ன வந்துச்சு?"
"வெள்ளைப் பசை. வாளி வாளியா.
புல்லுக்கு வெள்ளையடிச்ச மாதிரி
ஒரு மாசம் போகல."

மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை.
ரிப்பன் மட்டும் சுற்றியது.

லிம் இரண்டு புள்ளி வைத்தார்.
'ஆதாரம்?' என்றது படிவம்.
பாறைமுகம், துளைப்பதிவு, டிரோன், செயற்கைக்கோள்.
பட்டியலில் ரசீது இல்லை.
'மற்றவை' என்று தொட்டார்.
நம்பகம்: நடுத்தரம்.
இரண்டு புள்ளிக்கும் நடுவே
ஒரு புள்ளிக்கோடு,
தேநீர் மேசைக்கு அடியில்,
என் நாற்காலிக் கால்களுக்கு ஊடாக.
என் நீலம் இருபது எட்டு பின்வாங்கியது.
ஹஸ்லிண்டா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள்.

தவமலர் இன்னும் ரசீதைப் பிடித்தபடி நின்றார்.
"அப்போ அவன் ஏமாத்தலையா?"
"இல்லைக்கா."

எட்டு வருஷம்.
பாசாரில் கோக் மெங் எதிரே வந்தால்
மீன் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டவர்.
அவன் மகள் கல்யாண அழைப்பைப்
பிரிக்காமலே வைத்தவர்.
ரசீதை நாலாய் மடித்தார்,
மறுபடி பிரித்தார்,
கோப்பில் அதே துளைகளில்
பொறுமையாகக் கோர்த்தார்.

"ஏர்கானுக்கு அறுபது வெள்ளி" என்றார்,
வந்தபோதைவிட மெதுவாக.