பூஜ்யத்துக்குக் கீழே

மார்ச் கடைசி. அல் அய்ன், சனையா.
டயர் கிடங்கின் மொட்டைமாடியில்
நாற்பது டன் யூனிட் ஒன்று
இரண்டு நாளாய் ஊமை.
பேனலைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கீழே சத்தம்.
நடுரோட்டில் கார்களை விட்டுவிட்டு
எல்லோரும் கைபேசியை உயரத் தூக்கியிருந்தார்கள்.

அண்ணாந்தேன்.
எண்ணெய்த் தட்டில் அடுக்கிய பரோட்டா உருண்டைகளாய்
வானம் முழுக்கச் சின்ன மேகங்கள்.
நடுவில் மட்டும்
யாரோ ஒரு ஈடு எடுத்துப்போன மாதிரி
வட்டமாய் ஓட்டை.
உள்ளே நீலம்.
நீலத்தில் தொங்கும் ஒரு கிழிந்த இழை.

"கயாமத்" என்றான் டயர் கடைக்காரன்.
பறக்கும் தட்டு என்றது
அதற்குள் வந்துவிட்ட வாட்ஸ்அப்.
எனக்கு எக்ஸ்பான்ஷன் வால்வு ஞாபகம் வந்தது.
தொழில் புத்தி.

அந்த மேகம் முழுக்கத் தண்ணீர்தான்.
பூஜ்யத்துக்குப் பதினைந்து டிகிரி கீழேயும்
உறையாத தண்ணீர்.
உறையத் தெரியாமல் அல்ல,
பற்றிக்கொள்ள ஒரு தூசி கிடைக்கவில்லை.
கேம்ப் ஃப்ரீசரில் மறந்துபோன பாட்டில்
எடுக்கும்போது நீராகவே இருக்கும்;
மேசையில் தட்டி வைத்தால்
கழுத்திலிருந்து அடிவரை
ஒரே மூச்சில் வெளுக்கும். பார்த்திருக்கிறேன்.

ஏதோ ஒரு விமானம் அதைக் கடந்திருக்கிறது.
இறக்கைமேல் காற்று சட்டென விரிந்திருக்கும்.
விரிந்தால் குளிரும்,
இது தெரியாதவனிடம் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது.
அந்தக் குளிரில் முதல் ஐஸ் துணுக்கு.
சுற்றியிருந்த ஈரத்தைக் குடித்து அது பருக்கப் பருக்க,
பக்கத்துத் துளிகள் காய்ந்து மறைய,
விளிம்பு விளிம்பாய் அகன்றது ஓட்டை.
கனத்த பனி இறங்கியது. இழை அதுதான்.
தரைக்கு வராது,
பாதிவழியில் காற்றே தின்றுவிடும்.

இவ்வளவையும் உடைந்த இந்தியில்
குல் ஜமானிடம் சொன்னேன்.
அவன் நிமிரவில்லை.
நான்கு நாளாய் நிமிரவில்லை.
தம்பி செத்த செய்தி வந்த இரவின் மறுநாளும்
கண்டென்ஸர் கழுவினான், கேஸ் நிரப்பினான்,
கணக்கில் ஒரு கிராம் பிசகவில்லை.
ஆறுதல் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்கள்
பாறை என்று பெயர் வைத்தார்கள்.

மேகம் தீர்ந்துபோய்
வேறொன்றும் தோன்றாமல் கேட்டேன்:
"கானா காயா?"

ஸ்பேனர் தகரத்தில் விழுந்தது.
முதலில் தோள்.
பிறகு ஆள் முழுவதும்.

என்ன செய்வதென்று தெரியவில்லை.
பேனலின் எட்டுத் திருகுகளையும்
உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன்,
அவை உருண்டு போய்விடும் என்பதுபோல்.

ஓட்டை மெல்ல ஹபீத் மலைப் பக்கம் நகர்ந்தது.
கீழே ஹாரன்கள், பிறகு வழக்கமான தெரு.

அன்று யூனிட் ஓடவில்லை.
ரிப்போர்ட்டில் எழுதினேன்:
பாகம் வரவேண்டும்.