வருகையாளர் அட்டை

தஞ்சோங் பகார், முப்பது மாடி, தரைத்தள முகப்பு.
எட்டரைக்கே வரிசை.

முதலில் கூப்பர்.
பீப்பாய் செய்தவன் வம்சம்.
கையில் நூல் கட்டிய கோப்பிப் பை
ஒழுகிக்கொண்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

வாக்கர் என்றால்
ஈரக் கம்பளியை மிதித்து மிதித்து இறுக்கியவன்.
மின்தூக்கி எந்தப் பக்கம் என்கிறார்.

வெப்ஸ்டர், நெசவுக்காரி.
ஆமாம், பெண்.
எண்ணூறு வருஷத்துக்கு முன்
எவளோ ஒருத்தி தறியில் குனிந்திருக்கிறாள்,
இந்தத் தாடிக்காரர் அவள் பெயரில் கையெழுத்துப் போடுகிறார்.
சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.
வரிசை நீளம்.

எனக்கும் ஓர் அட்டை உண்டு.
குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
கணினி நகராது.
அப்பா பெயரைத் தட்டினேன்.
அன்றிலிருந்து நான் மிஸ் மாசிலாமணி.
செம்பவாங்கில் இருபத்தெட்டு வருஷம்
கப்பல் வயிற்றில் துரு தட்டியவர்
மிஸ் ஆகிவிட்டார்.

அவர்களுக்குத் தொழில் போய்ப் பெயர் மிஞ்சியது.
நாங்கள் பெயரின் வாலை வெட்டிப்போட்டோம்.
ஆனாலும் போன மாதம் ஈசூனிலிருந்து வந்தவர்கள்
கேசரிக் கரண்டியை வாய்க்குப் பாதியில் நிறுத்தி
"பூர்வீகத்தில் என்ன தொழில்?" என்றார்கள்.

துரு, என்றேன்.

அப்பா மட்டும் சிரித்தார்.
கேசரி தீரும்வரை யாரும் பேசவில்லை.

அடுத்தவர்
டைலர். டெய்லர் இல்லை,
கூரைக்கு ஓடு வேய்ந்தவன்.
வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது,
தலையிலிருந்து சொட்டச் சொட்ட நிற்கிறார்.
அட்டைக்கு முன்னால்
டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினேன்.